பதினைந்து படுக்கைக்கு எத்தனை கைகள்?



அதிராம்பட்டினம் என்னும் பெயரை உங்களுட் பலர் வானிலை அறிக்கையின் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். இத்தனை மில்லிமீட்டர் மழை, இத்தனை பாகை வெப்பம் என்று நாள்தோறும் எண்ணிச் சொல்லப்படும் ஊர்களுள் அதுவும் ஒன்று. காவிரி வளநாட்டின் தென்கோடியில், பாக்கு நீரிணையின் கரையில், உப்பளங்களுக்கும் நெல்வயல்களுக்கும் இடையே அமைந்த அவ்வூரே நான் பிறந்த ஊர். மழையையும் காற்றையும் எண்ணிக் குறிக்கும் ஊரிற் பிறந்தமையாலோ என்னவோ, எண்ணத்தக்கவை எவை, எண்ணப்படாமல் விடப்பட்டவை எவை என்று ஆராயும் பழக்கம் எனக்கு இளமையிலேயே ஏற்பட்டது. அவ்வாறு எண்ணப்படாமல் விடப்பட்ட ஒன்றன் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன். அது நோயாளர்க்கும் முதியோர்க்கும் பணி செய்யும் கைகளின் வரலாறு.

மன்னர் எத்தனை போர் செய்தனர், எத்தனை கோயில் எடுத்தனர் என்பவற்றை வரலாற்று நூல்கள் நமக்குச் சொல்லுகின்றன. மருத்துவ வரலாறு எழுதுவோரும் பெரும்பாலும் மருத்துவரையும் மருந்தையுமே எழுதுவர். ஆனால் நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்தவர் யார்? அவர் ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டார்? அவருக்கு என்ன கிடைத்தது? இவ்வினாக்களுக்கு விடை கூறும் சான்றுகள் உலக வரலாற்றிலேயே அரியன. அத்தகைய சான்று ஒன்று நம் தமிழகத்தில், கருங்கல்லில், ஏறத்தாழத் தொள்ளாயிரத்தைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்டுள்ளது. நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி இது. பெருமிதத்தோடு நின்றுவிடாமல், சற்று நின்று சிந்திக்கத்தக்க செய்தியும் ஆகும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள திருமால் கோயிற் சுவரில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. கோயிலைச் சார்ந்த சனநாத மண்டபத்தில் ஒரு கல்லூரியும், மாணவர் விடுதியும், ஆதுலசாலையும் நடந்தன என்பதை அக்கல்வெட்டால் அறிகிறோம். ஆதுலர் என்பார் நோயுற்றவர். ஆதுலசாலை என்பது மருத்துவமனை. அதன் பெயர் வீரசோழன் ஆதுலசாலை. கல்லூரி மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் என அமைந்த அம்மருத்துவமனையில் கிடந்து பண்டுவம் பெறுவோர் பதினைவர். அஃதாவது, இக்காலத்தார் மொழியிற் சொன்னால், அது 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை.

அம்மருத்துவமனையின் பணியாளர் பட்டியலைக் கேளுங்கள். கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவர் ஒருவர். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும்; அவற்றின் மேலும் அவருக்கு நிலக்காணி உண்டு. சல்லியக்கிரியை பண்ணுவான், அஃதாவது அறுவை மருத்துவன், ஒருவன். அவனுக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து ஆக்குவதற்கு உதவுவோர் இருவர். அவ்விருவர்க்கும் சேர்த்து 60 கலம் நெல்லும் 2 காசும். மருந்தடும் பெண்டுகள் இருவர். அவ்விருவர்க்கும் சேர்த்து 30 கலம் நெல்லும் 1 காசும். நாவிதன் ஒருவன்; அவனுக்கு 15 கலம் நெல். நோயாளர் ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன: வாசா அரீதகி, கோமூத்திர அரீதகி, தசமூல அரீதகி, பில்வாதி கிருதம் என ஏறத்தாழ இருபது மருந்துகள். இரவில் எரியும் விளக்கிற்குரிய எண்ணெயையும் கல்வெட்டு மறக்கவில்லை.

இந்தக் கணக்கின் நுட்பத்தைப் பாருங்கள். நம் தஞ்சைத் தரணியில் முதியோர் இன்றும் நினைவிற் கொண்டுள்ள அளவைகளே இவை. 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். ஆண்டை 360 நாளாகக் கொண்டு கணக்கிட்டால், மருத்துவர்க்கு நாள் ஒன்றுக்கு 3 குறுணி. அறுவை மருத்துவனுக்கு ஒரு குறுணி. மூலிகை பறிப்பவனுக்கு ஒரு குறுணி. மருந்தடும் பெண் ஒருத்திக்கு அரைக் குறுணி, அஃதாவது 4 நாழி நெல். குத்தி அரிசியாக்கினால் அது 2 நாழிக்கும் உட்பட்டே நிற்கும். படுக்கையிற் கிடக்கும் நோயாளி உண்பது ஒரு நாழி. அவரைப் பேணும் பெண் ஈட்டுவது இரண்டு நாழிக்கும் குறைவு. மருத்துவரின் நெல்லில் ஆறில் ஒரு பங்கு அவளுடையது. முகம் மழிக்கும் நாவிதனுக்குக் கிடைத்ததும், அவளுக்குக் கிடைத்ததும் ஒரே அளவு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மருந்தடும் பெண்டுகள் என்றால் மருந்து காய்ச்சுவோர்தாமே, அவரைச் செவிலியர் எனக் கொள்வது எங்ஙனம் என்று நீங்கள் வினவலாம். அடுதல் என்பதற்குச் சமைத்தல் என்பதே பொருள். ஆயினும் கல்வெட்டாய்வாளர் இவர்களை நோயாளர்க்குப் பணிவிடை செய்து மருந்து ஊட்டும் செவிலியர் என்றே கொள்வர். அவ்வாறு கொள்வது பொருத்தமே. பட்டியல் முழுவதையும் நோக்கின், நோயாளியைத் தூக்கி உட்காரவைத்தல், புரட்டிப் படுக்கவைத்தல், மேனி துடைத்தல், கஞ்சி ஊட்டுதல் ஆகிய பணிகளுக்கென வேறு எவரும் அங்கு இல்லை. கண்ணுக்குத் தெரியும் வேலையாகிய மருந்து காய்ச்சுதலால் அவர்களுக்குப் பெயர் அமைந்தது. கண்ணுக்குத் தெரியாத வேலை அப்பெயருக்குள் அடங்கிக் கிடந்தது. செவிலி என்னும் சொல்லே நம் பழைய அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறிப்பது. பெறாமலே பேணியவள் என்னும் பொருள் அதில் உறைகிறது. அச்சொல்லை இக்காலத்தார் மருத்துவமனைப் பணிக்கு எடுத்துக்கொண்டது மிகவும் தக்கதே.

இத்தகைய ஆதுலசாலைகள் சோழநாட்டில் வேறு இடங்களிலும் இருந்தன. முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் தஞ்சையிலேயே சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு நிவந்தம் அளித்தார். மருத்துவக்காணி என்று மருத்துவர்க்கு நிலம் விடும் வழக்கமும் பரவியிருந்தது. ஆனால் இத்தனை நோயாளர்க்கு இத்தனை பணிப்பெண்டிர் என்று எண்ணிக்கையும் ஊதியமும் தெளிவாகக் கிடைப்பது திருமுக்கூடலில்தான். ஆதலின் அதனை ஓர் உரைகல்லாக நாம் கொள்ளலாம்.

இனி, என் ஊர்ப்பக்கம் திரும்புவோம். அதிராம்பட்டினத்திற்கு அண்மையில் இராசாமடம் என்னும் ஊர் இருக்கிறது. வடக்கிலிருந்து இராமேசுவரத்திற்கு நடந்து சென்ற யாத்திரிகர் இக்கடற்கரைச் சாலை வழியே சென்றனர். அவர்களுக்கென்று தஞ்சை மராட்டிய மன்னர் அச்சாலை நெடுகிலும் சத்திரங்கள் எடுத்தனர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம், இராசாமடத்துச் சத்திரம், மணமேல்குடித் திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசல் இராசகுமாராம்பாள் சத்திரம் என்பன அவற்றுட் சில. சத்திரம் என்றவுடன் சோறு போடும் இடம் என்றே நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மை.

இரண்டாம் சரபோசி மன்னர் 1798 இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பினியாரின் கைக்குப் போயிற்று. சத்திரங்களுக்குரிய மானியங்களைக் கும்பினியார் குறைத்துவிடுவரோ என்று அஞ்சிய மன்னர், 1801 இல் தஞ்சை ரெசிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் விடுத்தார். சத்திரங்களில் நடக்கும் அறங்கள் அனைத்தையும் அதில் அவர் எடுத்துரைக்கிறார். யாத்திரிகர்க்கு உணவு, சிறுவர்க்குக் கல்வி, தாய் தந்தையற்ற குழந்தைகளுக்குக் காப்பு, கருவுற்ற பெண்டிர்க்கு உதவி, வழியில் நோயுற்று விழுந்தோர்க்கு மருத்துவரும் மருந்தும் பத்திய உணவும், அவர்கள் உடல் தேறும் வரை பரிவான பணிவிடை. சத்திரம் உணவுச்சாலையாக மட்டுமன்றி, மருத்துவமனையாகவும், மகப்பேற்று இல்லமாகவும், அநாதை இல்லமாகவும் விளங்கியதை இதனால் அறிகிறோம். தங்கள் ஊருக்குத் திரும்ப இயலாமற் போனவர் அங்கேயே நாள் பல தங்கினர். நெடுநாட் பராமரிப்பு என்று இன்று நாம் சொல்வதன் முன்னோடி அது.

திருமுக்கூடற் கல்வெட்டையும் சரபோசியின் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவர்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். முன்னது எண்ணிக்கையைச் சொல்லுகிறது; பரிவு என்னும் சொல்லை அது ஆளவில்லை. பின்னது பரிவைச் சொல்லுகிறது; அதைச் செய்த கைகளின் எண்ணிக்கையை முன்னிறுத்தவில்லை. ஒன்று கணக்கனின் மொழி. மற்றொன்று அறவோனின் மொழி. நோயாளிக்கு இவ்விரண்டும் தேவை. பரிவற்ற எண்ணிக்கை வெறும் பட்டியல். எண்ணிக்கையற்ற பரிவோ, ஓர் ஏழைப் பெண்ணின் முதுகில் ஏற்றப்படும் சுமை.

இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்துக் காட்டியவர் புளோரன்சு நைட்டிங்கேல் அம்மையார். 1854 இல் கிரிமியப் போரின்போது 38 செவிலியருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். கையில் விளக்கேந்திய அவர் உருவத்தை உலகம் நினைவிற் கொண்டது. கையில் எழுதுகோலேந்திய உருவத்தை மறந்துவிட்டது. எத்தனை வீரர் புண்ணால் இறந்தனர், எத்தனை பேர் தூய்மையின்மையால் வந்த நோயால் இறந்தனர் என்று அவர் எண்ணினார். ஒரு கூடத்தில் எத்தனை படுக்கை இருந்தால் ஒரு தலைமைச் செவிலி கண்காணிக்க இயலும் என்றும் கணக்கிட்டார். 1858 இல் இலண்டன் புள்ளியியற் கழகம் தன் முதற் பெண் உறுப்பினராக அவரைத் தேர்ந்தது. 1860 இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. இந்தியாவிற்கு அவர் ஒருமுறையும் வந்திலர். எனினும் இந்நாட்டின் சுகாதாரம் பற்றிப் பல்லாண்டுகள் எழுதிக்கொண்டேயிருந்தார்.

நம் சென்னையில் 1871 இல் அரசினர் பொது மருத்துவமனையிற் செவிலியர் பயிற்சி தொடங்கப்பெற்றது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909 இல் செவிலியர் பள்ளியை நிறுவினார். 1926 இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பெற்றது. சட்டமும் பள்ளியும் வந்தன, கைகள் போதவில்லை. விடுதலைக்குச் சற்று முன்பு, 1946 இல், போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது வெளிவந்த கணக்கு நாட்டைத் திடுக்கிட வைத்தது. பிரிட்டனில் 300 மக்களுக்கு ஒரு செவிலி. இந்தியாவிலோ 43,000 மக்களுக்கு ஒரு செவிலி. 500 பேருக்கு ஒருவர் என்னும் நிலையை எய்தவேண்டும் என்று அக்குழு இலக்கு வகுத்தது. 1947 இல் இந்தியச் செவிலியர் மன்றத்திற்கான சட்டம் பிறந்தது. நம் தஞ்சையிலும் 1959 இல் மருத்துவக் கல்லூரி தோன்றியது.

அம்மன்றம் பிற்காலத்தில் மருத்துவமனைகளுக்கு ஓர் அளவு வகுத்தது. மருத்துவம் கற்பிக்கும் மருத்துவமனைகளில் 3 படுக்கைக்கு ஒரு செவிலி. ஏனைய பொது மருத்துவமனைகளில் 5 படுக்கைக்கு ஒரு செவிலி. விடுப்பில் இருப்போர்க்கு ஈடாக 30 விழுக்காடு கூடுதல். கேட்பதற்கு இது திருமுக்கூடலை விடத் தாராளமாகத் தோன்றும். அங்கு 15 பேருக்கு இருவர். இங்கு 15 பேருக்கு மூவர் அல்லது ஐவர். ஆனால், மாணவர்களே, இங்குதான் கணக்கைக் கூர்ந்து நோக்கவேண்டும். இந்த அளவு பணியிடங்களை எண்ணுவதேயன்றி, ஒரு நேரத்திற் படுக்கையருகே நிற்போரை எண்ணுவது அன்று. ஒரு நாளுக்கு மூன்று முறை வேலை. ஐந்து படுக்கைக்கு ஒருவர் என்பதை மூன்று முறைக்குப் பகிர்ந்தால், ஒரு நேரத்தில் பதினைந்து படுக்கைக்கு ஒருவர் என்றாகிவிடுகிறது. மூன்றுக்கு ஒருவர் என்பது ஒரு நேரத்தில் ஒன்பதுக்கு ஒருவர் ஆகிறது.

இதனை வேறொரு வகையாலும் காணலாம். ஒரு கிழமைக்கு 168 மணி நேரம். ஒரு செவிலி கிழமைக்கு 48 மணி நேரம் உழைப்பதாகக் கொள்வோம். ஒரு படுக்கையருகே எப்போதும் ஒருவர் இருக்கவேண்டுமானால், 168 ஐ 48 ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றரைப் பேர் வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வரலாம், திருவிழா வரலாம், மகப்பேறு வரலாம். அவற்றையும் சேர்த்தால் நால்வருக்கு மேலாகிவிடும். ஒருவர் எப்போதும் இருக்கிறார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒரு சொல்லுக்குப் பின்னால் நான்கு குடும்பங்களின் உழைப்பு நிற்கிறது. திருமுக்கூடலில் இருந்த இருவரும் மாறி மாறிப் பகலும் இரவும் விழித்திருந்தனர் எனக் கொண்டால், ஒவ்வொருத்தியும் நாள் ஒன்றுக்கு 12 மணி நேரம், ஆண்டு முழுவதும், ஓய்வின்றிப் பணியாற்றியிருக்கவேண்டும். எரிந்த விளக்கிற்கு எண்ணெய் குறித்த கல்வெட்டு, அவ்விளக்கின் அருகே விழித்திருந்தவளின் உறக்கத்திற்குக் கணக்கு வைக்கவில்லை.

சில நாளில் குணமடைந்து வீடு செல்லும் நோயாளியின் நிலை வேறு. ஆண்டுக்கணக்கிற் படுக்கையில் கிடக்கும் முதியவரின் நிலை வேறு. என் பெரிய தாயார் பக்கவாதத்தால் வீழ்ந்த தம் மாமியாரை ஆறு ஆண்டுகள் வீட்டிலேயே பேணியதை நான் சிறுவயதிற் கண்டிருக்கிறேன். அசைய இயலாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிடில் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் தோன்றும். நாளுக்குப் பன்னிரண்டு முறை. இரவில் மட்டும் ஐந்தாறு முறை அவர் எழுந்திருக்கவேண்டும். மருத்துவர் மாதத்திற்கு ஒருமுறை வந்து பார்த்து, புண் இல்லை, நன்று என்று சொல்லிப் போவார். அந்த ‘இல்லை’ என்னும் ஒரு சொல்லை உண்டாக்க மாதத்திற்கு முந்நூற்றறுபது முறை அவர் எழுந்தார் என்பதை எவரும் எண்ணவில்லை. செவிலியர் பணியின் இயல்பே இதுதான். சரியாகச் செய்தால் ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாமையால் ஒன்றும் செய்யப்படவில்லை என்று உலகம் எண்ணிக்கொள்ளும்.

இப்போது ஒரு முதியோர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். பதினைவர் தங்கியுள்ளனர், அவர்களுள் ஐவர் அசைய இயலாதவர். ஐவரைப் பன்னிரண்டு முறை புரட்டுவதென்றால் அறுபது முறை. ஒரு முறைக்குப் பத்து நிமிடம் என்றால் 600 நிமிடம், அஃதாவது 10 மணி நேரம். உணவூட்டுதல், நீராட்டுதல், துணி மாற்றுதல், மருந்து கொடுத்தல், கை பிடித்து நடத்துதல், தனிமையில் அழுபவரோடு சற்று அமர்ந்து பேசுதல் ஆகிய எவையும் இன்னும் தொடங்கவேயில்லை. இந்த இல்லத்தில் ஒருவரே இருப்பாரானால் அவர் எதை விடுவார்? உணவை விட இயலாது. மருந்தை விட இயலாது. முதலில் பேச்சு போகும். பின்பு நடத்துதல் போகும். பின்பு புரட்டுதல் போகும். கருணையில்லாமையால் அன்று, கைகள் இல்லாமையாலேயே முதியவர் புண்பட்டுப் போவார். அப்போது உலகம் அந்த ஒருத்தியைக் கொடியவள் என்று பழிக்கும்.

இது கற்பனைக் கணக்கு மட்டும் அன்று என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, செவிலி ஒருவர்க்கு ஒரு நோயாளி கூடுதலாகும்போதெல்லாம், அறுவைப் பண்டுவம் பெற்றோர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்கிறது என்று கண்டது. கலிபோர்னியா மாநிலம் 1999 இல் சட்டம் இயற்றி, 2004 முதல் மருத்துவமனைகளிற் செவிலியர் விகிதத்தைக் கட்டாயமாக்கிற்று. முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கென அமெரிக்க நடுவண் அரசு 2024 இல் ஒரு விதி செய்தது: தங்கியுள்ளவர் ஒவ்வொருவர்க்கும் நாளுக்கு 3.48 மணி நேரப் பணி கிடைக்கவேண்டும் என்பது அது. இல்லம் நடத்துவோர், ஆள் கிடைக்கவில்லை, பணம் போதவில்லை என்று வழக்குத் தொடுத்தனர். 2025 இல் ஒரு நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கிற்று. நம் திருமுக்கூடலோடு இதனை ஒப்பிடுவோமா? பதினைவர்க்கு 3.48 மணி வீதம் 52 மணி நேரத்திற்குச் சற்று மேல். திருமுக்கூடற் பெண்டிர் இருவரும் ஆளுக்கு 12 மணி உழைத்தாலும் 24 மணிதான். தலைக்கு ஒரு மணி 36 நிமிடம். செல்வம் மிக்க நாடும் தானே வகுத்த அளவை நிலைநாட்ட இயலாமல் தடுமாறுகிறது என்பதையும் நாம் கருதவேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்னும் முறையீட்டில் உண்மை இல்லாமலும் இல்லை. உலகில் 2023 இல் ஏறத்தாழ 2 கோடியே 98 இலட்சம் செவிலியர் இருந்தும், இன்னும் 58 இலட்சம் பேர் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

இனி நம் நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 இல் நிறைவேறியது. ஆதரவற்ற முதியோர்க்கென மாவட்டந்தோறும் முதியோர் இல்லம் அமைக்கலாம், முதலில் மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும் வேண்டும், அதில் குறைந்தது 150 பேர் தங்க இடம் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. போற்றத்தக்க சட்டம். ஆனால் 150 என்று தங்குவோரை எண்ணிய அப்பிரிவு, அவர்களைப் பேணுவோர் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. மருத்துவ வசதியின் அளவுகளை மாநிலங்கள் வகுக்கும் திட்டத்திற்கு விட்டுவிட்டது. வீரராசேந்திரன் காலத்துக் கணக்கன், பதினைவர் என்று எழுதியவுடனே இருவர் என்றும் எழுதினான். அவன் எழுதிய எண் சிறிது, ஊதியம் குறைவு. ஆயினும் நோயாளியை எண்ணும் அதே பட்டியலில், அவருக்குப் பணி செய்பவளையும் எண்ணவேண்டும் என்னும் அறிவு அவனுக்கு இருந்தது. நாம் அவனிடமிருந்து கற்கவேண்டியது இதுவே.

காவிரி நாட்டிற்கு இது தொலைவிலுள்ள செய்தி அன்று. தமிழகத்தில் அறுபது வயது கடந்தோர் 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நூற்றுக்குப் பதின்மருக்குச் சற்று மேல். 2021 இல் நூற்றுக்குப் பதின்மூவருக்கு மேலாயிருப்பர் என்று மதிப்பிடப்பட்டது. எங்கள் கடற்கரை ஊர்களிலிருந்து முன்பு இலங்கைக்கும் மலேயாவிற்கும் கப்பலேறினர். பின்பு அரபு நாடுகளுக்கு வானூர்தி ஏறினர். உழவர் வீட்டு மக்களும் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பணம் வீட்டிற்கு வருகிறது; கை வருவதில்லை. பெரிய தாயாரைப் போல் ஆறு ஆண்டுகள் விழித்திருக்க இன்று வீட்டில் ஆள் இல்லை. அவ்வாறு விழித்திருக்கும்படி ஒரு பெண்ணைக் கேட்பதும் நீதி அன்று. 2021 இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், நோய் தணிப்புப் பராமரிப்பையும் இயன்முறைப் பயிற்சியையும் மருந்தையும் வீட்டு வாயிலுக்கே கொண்டுசென்றது. சத்திரத்து அறத்தின் புது வடிவம் என்றே அதனைச் சொல்லலாம். அங்கும் அதே வினா காத்திருக்கிறது: ஒரு தொண்டர்க்கு எத்தனை வீடுகள்?

மாணவச் செல்வங்களே! உங்களுட் சிலர் செவிலியர் ஆவீர்கள். சிலர் ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்து வரவு செலவுத் திட்டம் எழுதுவீர்கள். எல்லோருமே ஒருநாள் யாரேனும் ஒரு முதியவரின் மகனாகவோ மகளாகவோ ஓர் இல்லத்தின் வாயிலில் நிற்பீர்கள். அங்கே சுவரின் வண்ணத்தையும் தரையின் பளபளப்பையும் பார்த்து மயங்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு இங்கே எத்தனை பேர் விழித்திருப்பர், அவர் ஒருவர் எத்தனை பேரைப் பார்ப்பார், அவருக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள், அவருக்குக் கிழமையில் எத்தனை நாள் ஓய்வு என்று கேளுங்கள். இந்நான்கு வினாக்களுக்கும் தயக்கமின்றி விடை வருமானால், அந்த இல்லம் நல்ல இல்லம்.

கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவரின் பெயரைக் கல் நமக்குக் காத்துத் தந்தது. மருந்தடும் பெண்டுகள் இருவரின் பெயரை அது சொல்லவில்லை. பெயரில்லாத அவ்விருவரும் நமக்கு விட்டுச்சென்றது ஓர் எண் மட்டுமே. அவ்வெண்ணை நேர்மையாக உயர்த்துவதும், அதற்குரிய நெல்லை நிறைவாக அளப்பதும் நம் தலைமுறையின் கடன்.